குழந்தைக்கு ஒண்ணும் ஆகல

நிறைமதிக்கு அப்போது ஐந்து வயது. அவளுடைய தாத்தாவின் சாவை அவள் தலையில் கட்டினார்கள். கட்டியவர் என் சித்தப்பா கோதண்டம். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பெற்ற என் அண்ணனும் அண்ணியும். 'கொன்றாள்' என்று ஒருவரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கலாம். அவர் சொன்னது வேறு. மின்மயானத்திலிருந்து திரும்பிவந்து, உள்ளே நுழையாமல் வாசல்படிக்குக் கீழே நின்றபடி, கவச உடையின் வேர்வை இன்னும் காயாத முகத்தோடு, மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மதியைப் பார்த்துச் சொன்னார்: "குழந்தைக்கு ஒண்ணும் ஆகல." எவ்வளவு நல்ல வாக்கியம். எந்த வீட்டிலும் இதைக் கேட்டால் அப்பாடா என்று உட்காருவார்கள். ஆனால் அவர் அதற்குப் பிறகு ஒரு மூச்சு விட்டார், அந்த மூச்சில்தான் மிச்சம் எல்லாம் இருந்தது, கொண்டாந்து குடுத்தது இது, போய்ச் சேர்ந்தது அவரு, இதுக்கு ஒண்ணும் ஆகல. வாக்கியத்துக்குப் பதில் சொல்லலாம். மூச்சுக்கு எப்படிப் பதில் சொல்வது? அந்த மூச்சை அவர் ஒவ்வொரு திதிக்கும் மறக்காமல் கொண்டுவருகிறார், பழமும் வெற்றிலையும் கொண்டுவருகிற அதே துணிப்பையில் போட்டுக்கொண்டு வருவதுபோல.

இன்றைக்கும் வந்துவிட்டார். கூடத்தில் அவர் குரல் கேட்கிறது, எலை தெக்க பாத்து இருக்கணும்ப்பா, மசால் வடை சூடா இருக்கா, அண்ணனுக்கு ஆறிப்போனா புடிக்காது. நான் உள்ளறையில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன், என் முழங்கால்களுக்கு நடுவே தரையில் மதி, தலைக்குக் குளித்த ஈரம் இன்னும் போகாத முடியோடு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒன்பது வயது முடியப்போகிறது. முடி மட்டும் பதினாறு வயதுப் பெண்ணுடையதுபோல இடுப்பைத் தொடுகிறது, அதைச் சீவிப் பின்னிவிட அண்ணிக்கு இன்றைக்கு நேரமில்லை, அத்தைகிட்டப் போ என்று அனுப்பிவிட்டாள். வகிடு எடுக்க மதி தலையை நிமிர்த்திக் கொடுத்தாள். சீப்பின் காம்பால் உச்சியிலிருந்து நெற்றிக்குக் கோடு இழுத்தபோது சொன்னாள், "அத்தை, நீ இதத்தானே படிக்கிற." எதை, என்றேன். "கொரோனாவ." கொரோனாவை மட்டும் இல்லடி, எல்லாக் கிருமியையும், உடம்பு அதையெல்லாம் எப்படி எதுக்குதுன்னும் படிக்கிறேன். "அப்ப சொல்லு. என் மூக்குலேர்ந்துதான் தாத்தாவுக்குப் போச்சா?" சீப்பு நின்றுவிட்டது. அவள் தலை அசையவில்லை. முகம் தெரியாது, பிடரிதான் தெரிகிறது, ஈர முடி ஒட்டிக்கொண்ட சின்னப் பிடரி. நான் பெரிய வாய்க்காரி. வீட்டில் என் பெயர் மணிமொழி என்பது பாதிப் பேருக்கு மறந்துபோய்விட்டது, வக்கீல் என்றுதான் கூப்பிடுகிறார்கள், சித்தப்பா படி ஏறும்போதே "வக்கீலம்மா சென்னைலேர்ந்து வந்தாச்சா, இந்த வருஷம் யார் மேல கேஸு" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். அந்த வக்கீலம்மாவுக்கு வந்த பதில் இது: "இரு, சிக்கு இருக்கு. எடுத்துட்டுச் சொல்றேன்." உண்மையிலேயே சிக்கு இருந்தது, காதுக்குப் பின்னால், சின்ன நெல்லிக்காய் அளவுக்கு. "மெதுவா எடு. ஆனா சொல்லணும். சொன்னாத்தான் கூடத்துக்கு வருவேன். இல்லன்னா எனக்கு வயித்து வலி." ஒவ்வொரு திதிக்கும் இவளுக்கு வயிற்று வலி வரும். முதல் வருஷம் ஓம வாட்டர் கொடுத்தோம். அடுத்த வருஷம் குழந்தைக்குப் பசி தாங்காது, முன்னாடியே சாப்பிட வெச்சிடுங்க என்றோம். அது எந்த வயிற்று வலி என்று இவ்வளவு பெரிய வீட்டில், மூன்று அறையும் ஒரு கூடமும் உள்ள இந்த மாடி வீட்டில், ஒருவருக்கும் தோன்றவில்லை, தோன்றினாலும் தோன்றாததுபோல இருந்தோம்.

சிக்கை நுனியிலிருந்து எடுக்கவேண்டும். வேரிலிருந்து சீவினால் இறுகும். எங்கிருந்து தொடங்குவது இவளுக்கு? மூக்கிலிருந்து தொடங்கலாம், அங்கேதான் தொடங்கியது. உன் மூக்குக்குள், மதி, ஈரமான ஒரு சுவர் இருக்கிறது, அந்தச் சுவரின் செல்கள் உன் வயதில் எப்போதும் பாதி விழித்துக்கொண்டே இருக்கின்றன. பள்ளிக்கூடத்துச் சளி, பக்கத்து வீட்டுச் சளி, யாராவது தும்மியது என்று ஓயாமல் வந்துகொண்டே இருக்கிற வயது, அதனால் என்றுகூட சொல்கிறார்கள், இல்லை அந்த வயதே அப்படித்தான் என்றும் சொல்கிறார்கள், அதில் இன்னும் வாதம் முடியவில்லை. கிருமி உள்ளே கால் வைத்ததுமே அந்தச் செல்கள் கத்திவிடும். இன்டர்ஃபெரான் என்பது அந்தக் கத்தல். பக்கத்துச் செல்கள் அதைக் கேட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். கிருமிக்குப் பெருக இடம் இல்லாமல் போகும். என் அப்பாவின் மூக்கில், உன் தாத்தாவின் மூக்கில், அப்படி நடக்கவில்லை. அப்பாவின் உடம்பு அறுபத்தோரு வருஷத்துக் கிருமிகளை ஞாபகம் வைத்திருந்த உடம்பு, பழைய சளிக் கிருமிகளின் முகம் எல்லாம் அதற்குத் தெரியும், இந்த முகம்தான் தெரியாது. வயதான சுவர் கத்துவதற்குத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் கிருமி நெஞ்சுக்குள் இறங்கிவிடும், பிறகு உடம்பு தன் படை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அனுப்பும், வந்த படை கிருமியை மட்டுமா அடிக்கும், வீட்டையும் சேர்த்து உடைக்கும். அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், அவருக்கு இதை ஒரு நிமிஷத்தில் சொல்லிப் புரியவைத்திருப்பேன். கம்பத்து ஃபியூஸ், அப்பா. பிள்ளைக்கு ஃபியூஸ் கம்பத்திலேயே போயிடுச்சு, வீட்டுக்குள்ள ஒரு பல்புகூடக் கருகல. உங்களுக்குக் கம்பத்துல போகல, உள்ள வந்து மெயின் போர்டையே எரிச்சிடுச்சு. அவர் கேட்டுவிட்டு, ஃபியூஸ் கம்பி மெல்லிசா இருக்கறதே அதுக்குத்தான் பாப்பா, அது சாகணும், வீடு பொழைக்கணும் என்பார், நான் எட்டாவது படிக்கும்போது அப்படித்தான் சொன்னார், கையில் அந்த மெல்லிய கம்பியைச் சுற்றிக் காட்டிக்கொண்டு.

இந்த வருஷம் வகுப்பில் ஒருநாள் திரையில் அந்தப் படம் வந்தது. இன்டர்ஃபெரானின் அளவைக் காட்டும் இரண்டு கோடுகள். ஒன்று குழந்தைகள், ஒன்று பெரியவர்கள். குழந்தைகளின் கோடு முதல் நாளிலேயே விருட்டென்று ஏறிச் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. பெரியவர்களின் கோடு தரையோடு கிடந்துவிட்டுப் பிறகு ஏறுகிறது, ஏறினால் இறங்க மாட்டேன் என்கிறது. மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் அந்த முதல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது எங்கள் மதி, அந்த இரண்டாவது கோடு எங்கள் அப்பா, எங்கள் வீட்டை யாரோ வரைந்து கீழே இரண்டு வண்ணத்துக்கும் பெயர் போட்டிருக்கிறார்கள். கையைத் தூக்கினேன். மேடம், இந்தப் படத்த வெச்சு யார்கிட்டேர்ந்து யாருக்குப் போச்சுன்னு சொல்ல முடியுமா? பேராசிரியர் என்னைப் பார்த்தார், நான் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளின் தொனி அதில் இல்லை என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். "அது இந்தப் படத்தோட கேள்வி இல்ல, மணிமொழி. ஒருத்தர் உடம்புக்குள்ள என்ன ஆச்சுன்னுதான் இது சொல்லும். ரெண்டு பேருக்கு நடுவுல என்ன ஆச்சுன்னு இதால சொல்ல முடியாது." வகுப்பு முடிந்து வெளியே வந்து குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். இவ்வளவு படித்து, இவ்வளவு விலை உயர்ந்த கருவி எல்லாம் வைத்து, கடைசியில் ஒரு சின்னப் பெண்ணுக்கு வேண்டிய ஒரே ஒரு பதில் அதில் இல்லை.

"ஆ, வலிக்குது." சாரிடா. "கோவமா சீவுற." இல்லை. "சீவுற." கொஞ்சம் எண்ணெய் தொட்டு அந்த முடிச்சில் தேய்க்கிறேன். பொய் சொல்லிவிடலாம். ஒரு பொய் போதும், சின்னப் பசங்ககிட்டேர்ந்து பெரியவங்களுக்குப் பரவவே பரவாது மதி, அத்தை படிச்சிருக்கேன். பல்கலைக்கழகத்து முத்திரை குத்திய பொய். உடனே எழுந்து கூடத்துக்குப் போய்விடுவாள். அதை நினைத்தாலே நெஞ்சு லேசாகிறது. ஆனால் இவள் என்னைப்போல வளர்ந்துகொண்டிருக்கிறாள், எதற்கும் ஏன் என்கிறாள், அண்ணி அடிக்கடி தலையில் அடித்துக்கொள்கிறாள், இன்னொரு வக்கீல் வந்துட்டா வீட்டுக்கு என்று. பத்து வருஷத்தில் எங்காவது ஒரு வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், குழந்தைகளிடமிருந்தும் பரவும், அறிகுறியே இல்லாவிட்டாலும் பரவும் என்று யாரோ சொல்வார்கள், அன்றைக்கு இவளுக்கு என் பொய்யும் தெரியும், நான் ஏன் பொய் சொன்னேன் என்பதும் தெரியும், அப்ப நெஜம்தான் போல என்று அங்கேயே முடிவு செய்துவிடுவாள். பொய் பழியைத் துடைக்காது, பத்து வருஷத்துக்குத் தள்ளிப்போடும். வட்டமாக இதே இடத்துக்கு வந்து நிற்கிறேன். பரவாது என்பது பொய். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்பதும் பொய், நோய் வந்தது தெரியாமலே போய்ச் சில வாரங்கள் கழித்து உடம்பெல்லாம் வீங்கிச் சிவந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளைகள் உண்டு, அப்பா போன பிறகு அந்த மாதம் முழுக்க இவளுடைய கண் சிவக்கிறதா, நாக்கு சிவக்கிறதா என்று தினமும் டார்ச் அடித்துப் பார்த்தவள் நான். ஒன்றும் ஆகவில்லை என்று அன்றைக்கு நான் சொன்னபோது அது எவ்வளவு வேறு வாக்கியம். அதே நான்கு வார்த்தை... நான்குகூட இல்லை.

அப்புறம் ரத்தம் எடுத்தார்களே, அது. அந்த வருஷக் கடைசியில் தெருவில் ஏதோ கணக்கெடுப்பு, யார் யாருக்கு ரத்தத்தில் கிருமிக்கான எதிர்ப்பொருள் இருக்கிறது என்று. அண்ணனுக்கு இருந்தது, அண்ணிக்கு இருந்தது, எனக்கு இருந்தது, மதிக்கு மட்டும் இல்லை என்று வந்தது. சித்தப்பா போனில் சொன்னார், "பாத்தியா, அது உடம்புல ஒட்டவே இல்ல, சும்மா தூக்கிட்டு வந்து இறக்கி வெச்சிட்டுப் போயிருக்கு." அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்குத் தெரியும். சித்தப்பா, சண்டை வாசல்லயே முடிஞ்சிட்டா உள்ள இருக்கறவங்களுக்கு அதோட அடையாளமே இருக்காது, பல பிள்ளைங்களுக்கு அப்படித்தான், லேசா வந்து போனா எதிர்ப்பொருள் கொஞ்சமாத்தான் உண்டாகும், சில பேருக்கு உண்டாகவே உண்டாகாது. மனசுக்குள் எத்தனை தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்கும்போதுகூடச் சொன்னேன், பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். மனசுக்குள் இருக்கும் சித்தப்பா ஒவ்வொரு தடவையும் தோற்றுப்போகிறார். கூடத்தில் இருக்கும் சித்தப்பா, அண்ணே பந்தத்துக்குத் துணி கிழிச்சாச்சா என்று அண்ணனைக் கேட்கிறார், என் அண்ணனையே அண்ணே என்று கூப்பிடுகிற பழக்கம் அப்பா போன பிறகு அவருக்கு வந்தது.

பந்தம். நெய்ப் பந்தம். சாவு வீட்டில் பேரப்பிள்ளைகள் பிடிப்பது. பேரன் பேத்தி என்று பார்க்காமல் ஆளுக்கொரு குச்சியில் நெய்த்துணியைச் சுற்றிக் கொளுத்திக்கொண்டு தாத்தாவைச் சுற்றி வருவார்கள், எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. அப்பாவை அது இல்லாமல்தான் அனுப்பினோம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானம். துணி இல்லை, பிளாஸ்டிக். வாழ்நாள் முழுக்கக் கரண்டோடு மல்லுக்கட்டியவரைக் கரண்டே எரித்தது என்று அண்ணன் ஒருதடவை குடித்துவிட்டுச் சொன்னான். அதனால் முதல் திதியில் சித்தப்பாதான் ஒரு வழி சொன்னார், அன்னிக்குப் பிடிக்காத பந்தத்த வருஷா வருஷம் படையல் முன்னாடி பிடிச்சிடலாம், அண்ணனோட வேட்டிலேர்ந்தே ஒரு நாடா கிழிச்சு. எந்த சாஸ்திரத்திலும் இல்லாதது, எங்கள் வீட்டுக்காக எங்கள் வீடே செய்துகொண்டது, எனக்குக்கூடப் பிடித்திருந்தது. ஆனால் பிடிக்கவேண்டியவள் இவள். அப்பாவுக்கு இருப்பது ஒரே பேத்தி. "புள்ள பிடிக்க வேண்டியது. இருக்கறது ஒண்ணு, அதுவும்..." என்று அவர் நிறுத்துவார், மூச்சு வரும், பந்தத்தை அவரே வாங்கிக்கொள்வார். அவர் கையில் பந்தம் நடுங்கும். மதி இந்த அறையில் இந்தக் கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள், கதவு இடுக்கு வழியாக நெய் வாசனையும் அந்த நடுங்கும் வெளிச்சமும் வரும்.

எப்படி வந்தது இவ்வளவு நிச்சயம்? தெரு முனையில் காய்ச்சல் முகாம் போட்டிருந்தார்கள், நீலப் பந்தல், மூக்கில் குச்சி விட்டுச் சோதனை, சோதனைக்கு நிற்கிறவர்களுக்கு மஞ்சள் டோக்கன். மதிக்கு முந்தின ராத்திரி உடம்பு லேசாகச் சுட்டது, விடிவதற்குள் இறங்கிவிட்டது, கீழ் வீட்டுப் பெண்ணோடு விளையாடப் போகிறேன் என்று குதித்தாள். அப்பாவுக்கு இருமல். "பழைய சளி. வருஷா வருஷம் மாம்பழக் காலத்துல வர்றதுதான்." முகாமுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம், டோக்கன் அப்பாவுக்குத்தான் வாங்கியது, பிள்ளை சும்மா கூட வந்தது. வெயிலில் நின்று நின்று கிட்டப் போனபோது அந்தக் கவச உடைக்குள்ளிருந்த பெண் கையை விரித்தாள், குச்சி தீரப்போகுது, இந்த டோக்கனோட சரி, மத்தவங்க நாளைக்கு வாங்க. அப்பா மதியை இடுப்பைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் வைத்தார். "எனக்கு நாளைக்குப் பாத்துக்கலாம். பிள்ளைக்கு எடும்மா. நைட்டு உடம்பு சுட்டுச்சு." நாளைக்கு முகாம் இல்லை. இரண்டு நாளில் மதியின் பெயருக்கு முடிவு வந்தது, மாநகராட்சிக்காரர்கள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள், நோயாளி நிறைமதி, வயது ஐந்து. கீழே வழியை மறித்துத் தகரம் அடித்தார்கள். அப்பாவுக்குச் சோதனை எடுத்தது ஆஸ்பத்திரியில், மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு. ஆகவே மதி முதலில், தாத்தா பிறகு. சோதனை எடுத்த வரிசையை நோய் வந்த வரிசை என்று எடுத்துக்கொண்டார்கள். இதைவிட முட்டாள்தனமான தர்க்கம் உண்டா, முதலில் போட்டோ எடுத்தவன் முதலில் பிறந்தவனா? ஆனால் கதவில் ஒட்டியிருந்ததே. தெருவே படித்ததே. அச்சடித்த காகிதத்துக்கு எதிராக எங்கள் வீட்டில் யார் பேசுவார்கள்?

நான் பேசலாம். இந்தப் பந்தலையும் டோக்கனையும் இவளிடம் சொல்லலாம். சொன்னால்? தாத்தா தன் முறையை எனக்குக் குடுத்தாரா, அவருக்கு அன்னிக்கே எடுத்திருந்தா பொழச்சிருப்பாரா என்று கேட்பாளே. ஒரு பழியை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை வைத்துப் பின்னிவிடவா. அப்பாவுக்கு முதலில் வந்தது என்று சாதித்தால் செத்தவர் மேல் போகும். அண்ணி மருந்துக்கடைக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள், அவள் மேல் போகலாம். அண்ணன் பஸ்ஸில் போனான். நான் ப்ளஸ் டூ நோட்ஸ் வாங்கத் தோழி வீட்டுக்குப் போனேன். அப்புறம், இதுதான் நாக்கு நுனியிலேயே இருக்கிறது, இரண்டு வருஷமாக இருக்கிறது, அந்த வாரம் சித்தப்பா வந்திருந்தார். மண்ணச்சநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அங்கிருந்து நேராக, அதே துணிப்பையில் பங்கனபள்ளி மாம்பழத்தோடு. அப்பாவும் அவரும் இதே கட்டிலில் உட்கார்ந்து தேர்தலைப் பேசினார்கள், முகக்கவசம் ரெண்டு பேருக்கும் தாடையில், சிரிப்பு, ஒரே தட்டில் பழம். கல்யாணத்துக்குப் போனவர்களில் நாலைந்து பேர் பிறகு படுத்துவிட்டார்கள் என்று கேள்வி. சித்தப்பாவுக்கு இருமல்கூட இல்லை. சித்தப்பாவுக்கும்தான் ஒண்ணும் ஆகல. இந்த ஒரு வாக்கியத்தை இப்போது எழுந்துபோய், படையலுக்கு முன்னால், அவர் பந்தத்தைக் கொளுத்தும்போது சொன்னால் போதும். அவர் உடைந்துபோவார். எனக்குத் தெரியும், ஏனென்றால் அவருக்குத் தெரியும். மாம்பழம் என்ற பேச்சு வந்தால் எழுந்துபோகிறார், அப்பா போன பிறகு இந்த வீட்டுக்கு அவர் வாழைப்பழம் தவிர வேறு பழம் கொண்டுவந்ததில்லை. ஒன்றும் ஆகாத இரண்டு பேரில் ஒருவர் கொண்டுவந்தார் என்றால், அந்தப் பழியை ஐந்து வயசு தாங்கிக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார்போல. நினைத்தாரா, அவரே அறியாமல் மூச்சு தானாக அந்தப் பக்கம் போயிற்றா? மயானத்தில் அவர் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். சாம்பல் சூடு ஆறும் முன்பே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. எனக்கு அவர்மேல் இருக்கும் கோபத்தில் அந்தக் கொப்புளம் வந்து வந்து குறுக்கே நிற்கிறது. அதோடு, நான் சொல்லப்போவதும் அதே முட்டாள்தனம்தானே. ஒன்றும் ஆகாதவன் கொண்டுவந்தவன். அவருடைய தர்க்கத்தை வாங்கி அவர் தலையிலேயே கட்டுவது. ஜெயிக்கலாம். ஜெயித்தால் மதிக்கு என்ன கிடைக்கும்?

சிக்கு விட்டுவிட்டது. சீப்பு உச்சியிலிருந்து இடுப்புவரை தடையில்லாமல் இறங்குகிறது. முடியை மூன்றாகப் பிரிக்கிறேன். "எடுத்துட்டியா?" எடுத்துட்டேன். "அப்ப சொல்லு." அவள் பிடரியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "தெரியாது, மதி." அவள் காத்திருந்தாள், அதற்குமேல் ஏதோ வரும் என்று. "எனக்குத் தெரியாது. எங்க மேடத்துக்கும் தெரியாது. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது." "போயிருக்கலாமா?" போயிருக்கலாம். பின்னலை இறுக்காமல் பிடித்துக்கொண்டேன். "தாத்தாகிட்டேர்ந்து எனக்கு வந்திருக்கலாமா?" வந்திருக்கலாம், அவருக்கு முன்னாடியே இருமல் இருந்துச்சு. "அம்மாகிட்டேர்ந்து?" இருக்கலாம். "உன்கிட்டேர்ந்து?" என்கிட்டேர்ந்தும் இருக்கலாம். "சின்னத் தாத்தாகிட்டேர்ந்து?" என் கை ஒரு பிரி தவறிவிட்டது, மறுபடி எடுத்தேன். இருக்கலாம். "அவருக்குத் தெரியுமா அது?" தெரியும்னுதான் நெனக்கிறேன். "அவரு யார்கிட்ட கேப்பாரு?" மூன்று பிரி, ஒன்றின் மேல் ஒன்று, விரல் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப ஏன் எல்லாரும் நான்னு நெனக்கிறாங்க?" அன்னிக்கு உனக்கு மட்டும்தான் குச்சி விட்டாங்க. டெஸ்ட் பாத்தவங்களுக்குத்தான் இருக்குன்னு தெரியும், பாக்காதவங்களுக்குத் தெரியாது, அதான். நான் அதோடு நிறுத்திக்கொள்ள நினைத்தேன், டோக்கன் வேண்டாம், டோக்கன் வேண்டாம். அவள் சொன்னாள், "அது தாத்தாவோட டோக்கன்." எப்படித் தெரியும்? "ஞாபகம் இருக்கு. மஞ்சளா இருந்துச்சு. என் கைல குடுத்து, அந்த ஆன்ட்டிகிட்ட நீயே குடுன்னு சொன்னாரு. நான்தான் குடுத்தேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, பிடரிதான் இறுகியிருந்தது. அப்படியென்றால் இத்தனை வருஷமும் இந்த வயிற்றில் இருந்தது சித்தப்பாவின் மூச்சு மட்டும் இல்லை. இதை இவளிடம் சொல்லலாமா என்று நான் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தேன், எனக்கு முன்னால் இவள் அதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோடு, படம், இன்டர்ஃபெரான் எல்லாம் எங்கோ போய்விட்டது. "மதி, இங்க பாரு." திரும்பவில்லை. பின்னல் என் கையில் இருந்தது, திரும்பினால் அவிழும் என்று அவளுக்குத் தெரியும். சரி, முதுகிடமே சொல்கிறேன். "அந்த டோக்கன நீ கேட்டியா?" இல்ல. "பிடுங்கினியா?" இல்ல. "தாத்தா பெரியவரு. அவருக்கு இருமல் இருக்குன்னு அவருக்கே தெரியும். நைட்டு உனக்கு உடம்பு சுட்டது மட்டும்தான் அவருக்குப் பெருசாத் தெரிஞ்சுது. கடைசிக் குச்சி யாருக்குன்னு அவரு முடிவு பண்ணாரு. உன்ன கேக்கல, என்ன கேக்கல. கேட்டிருந்தாலும் மாத்தியிருக்க மாட்டாரு. அவர் உனக்கு ஒண்ணு குடுத்தாரு. உன் மூக்குலேர்ந்து ஏதாவது போயிருந்தா, அது நீ குடுத்ததில்ல. உனக்கே தெரியாம, உன்ன கேக்காம போனது. அத நீ குடுத்ததுன்னு எவன் சொன்னாலும் என்கிட்ட அனுப்பு." அவள் தோள் லேசாக ஏறி இறங்கியது. சிரித்தாளா, என்னவென்று தெரியவில்லை. "உன் மூக்கு அன்னிக்கு நல்லா வேல செஞ்சுது, அவ்வளவுதான். அதுக்காக யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டாம். தாத்தா அதத்தான் வேணும்னு நெனச்சாரு." "என்ன நெனச்சாரு?" நான் ரிப்பனை எடுத்து நுனியில் சுற்றினேன். இந்த வாக்கியத்தை இப்படிச் சொல்வேன் என்று நினைக்கவில்லை. அது வேறொருவருடைய வாக்கியமாகவே இத்தனை வருஷம் காதில் கிடந்தது. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு."

முடிச்சுப் போட்டுப் பின்னலை விட்டேன். அது முதுகில் விழுந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள், நானும் சீப்பில் சுற்றியிருந்த முடியை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தேன். கூடத்தில் கற்பூரத் தட்டு வைக்கிற சத்தம். அண்ணன் ஏதோ கேட்டான். சித்தப்பாவின் செருமல், அதற்குப் பின் அவர் கதவுப் பக்கம் திரும்பிக் கொடுத்த குரல், அதட்டல் இல்லை, ஒவ்வொரு வருஷமும்போலப் பாதி கேலி, பாதி பயம், எனக்கு இன்றைக்குத்தான் அந்தப் பயம் காதில் விழுகிறது. "வக்கீலம்மா, நேரமாச்சு. பாப்பாவுக்கு இந்த வருஷமும் வயித்து வலியா? நானே பிடிச்சிடட்டுமா?" நான் வாயைத் திறந்தேன். என் முழங்காலில் கையை ஊன்றி மதி எழுந்தாள், பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள், கதவு வரை போய் அங்கே நின்று, கூடத்தைப் பார்த்து, அவரிடம் சொன்னாள்.

"வயிறு வலிக்கல, சின்னத் தாத்தா. பந்தத்த என்கிட்ட குடுங்க. உங்களுக்குக் கை நடுங்கும், நீங்க என் கையப் பிடிச்சுக்குங்க."